மீதி

தொரப்பாடி மத்திய சிறையில்
இருபத்தாறு வருடமாகத் தலை எண்ணுகிறேன்.
காலையில் திறக்கும்போது ஒரு தடவை,
அந்தியில் அடைக்கும்போது ஒரு தடவை.
கணக்கு நேராகாமல் வீட்டுக்குப் போக முடியாது.
அப்படிப்பட்டவனைப் போய்
ஆலோசனைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்,
ஞாயிறுதோறும், சத்துவாச்சாரியில்,
டயர் கடைக்கு மேல்மாடியில்.
ரப்பர் நாற்றத்தில் மனத்தைப் படித்தோம்,
ஏழு பேர்.

நூறு வருடத்துக்கு முன்னால்
வியன்னாவில் ஒரு டாக்டர் சொன்னாராம்:
மனுஷனைப் பின்னாலிருந்து எதுவும் தள்ளுவதில்லை,
முன்னாலிருந்து ஒன்று இழுக்கிறது.
எங்கே போகப் பார்க்கிறான் என்று கேள்,
எங்கிருந்து வந்தான் என்பது அப்புறம்.
கைதிப் பதிவேட்டில்
அதற்குக் கட்டமே இல்லை.

முதல் வீட்டுப்பாடம்: உங்கள் முதல் ஞாபகம்.
எழுதினேன்.
நாலு வயது. காட்பாடி ஜங்ஷன்.
கூட்டத்தில் அம்மா கை விட்டுப் போச்சு.
ஒரு தூணைக் கட்டிக்கொண்டு
போகிற பெட்டிகளை எண்ணினேன்,
எண்ணி முடித்தால் அம்மா வந்துவிடுவாள் என்று.
பதினெட்டு.

மேல்விஷாரத்து ஷமீம் சுல்தானா
வாங்கிப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு,
"இன்னும் எண்ணிட்டே இருக்கீங்களா அண்ணே?" என்றார்.

அன்று சாயங்காலம்
குடியாத்தத்துக்குப் போன் போட்டேன், பெரியக்காவுக்கு.
விழுந்து விழுந்து சிரித்தாள்.
"நீ எங்கடா தொலைஞ்சே?
என் இடுப்புலேயே இருந்தே.
இறங்கவே மாட்டேன்னு ஒரே அழுகை.
எனக்கு இடுப்பு செத்துப் போச்சு."

தூண், என் அக்கா.

பொய் எழுதிவிட்டேன், அடித்துவிடவா
என்று ஹெப்சிபா மேடத்தைக் கேட்டேன்.
அடிக்காதீங்க, என்றார்.
நடந்ததை யார் கேட்டது?
ஆயிரம் நாளில் இந்த ஒன்றை
எதற்கு எடுத்து வைத்துக்கொண்டீர்கள்?
இடுப்பைத் தூணாக்கியது யார்?

விருதம்பட்டு வீட்டுக்குத் திரும்பும்போது
பாலாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன்.
கீழே மணல், வேலிக்காத்தான்,
நடுவில் இழை மாதிரி கொஞ்சம் தண்ணீர்.
நாம் ஆறு என்பதால் ஆறு.

வீட்டில் பூவிழி. பதினொன்றாம் வகுப்பு.
போன மாதம் வேதியியலில் அறுபத்தொன்று.
"மீதி முப்பத்தொன்பது எங்கே?" என்று கேட்டேன்.
அதிலிருந்து அவள் அறைக்கும் அடைப்பு நேரம் உண்டு.
ஆறு மணிக்குத் தாழ்ப்பாள்,
உள்பக்கமாக.

இரண்டாம் வீட்டுப்பாடம்: ஊக்கம் கொடுங்கள்.
பாராட்டு வேறு, இது வேறு.
சபாஷ் மேலேயிருந்து விழும்,
ஊக்கம் பக்கத்தில் வந்து உட்காரும்.
நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதுவது சுலபம்.

திங்கட்கிழமை கதவைத் தட்டி "சபாஷ்" என்றேன்.
எதுக்கு, என்றாள்.
எனக்கும் தெரியவில்லை.
புதன்கிழமை,
"நீ எடுக்கிற முயற்சியை நான் கவனிக்கிறேன்" என்றேன்.
அடுக்களையிலிருந்து என் மனைவி,
"கவனிக்கிறீங்களா? இது என்ன மூணாவது பிளாக்கா?"

வெள்ளிக்கிழமை உள்ளே போய்த்
தரையில் உட்கார்ந்தேன்.
சுவரில் முதுகு வைக்க முடியாத வெயில்,
ராத்திரி ஏழு மணிக்கும்.
"அந்த அறுபத்தொன்றில்
உனக்குப் பிடிச்ச கேள்வி எது?"

நிமிர்ந்தாள்.
"அப்பா, இது கோர்ஸ் ஹோம்வொர்க்கா?"

பொய் சொல்லப் போகிறவன்
ஒரு நொடி சுவரைப் பார்ப்பான்.
எத்தனை பேரை அதில் பிடித்திருக்கிறேன்.
என் கண் சுவருக்குப் போனது,
திரும்பி வந்தது.
"ஆமா" என்றேன்.

"நோட்டைக் குடுங்க."
புரட்டினாள். பதினெட்டுப் பெட்டியிடம்
கொஞ்சம் நின்றாள்.
பிறகு கடைசிப் பக்கத்தில், சிவப்பு மையில்,
முப்பத்தைந்து என்று போட்டுக்
கையெழுத்தும் வைத்தாள்.
"பாஸ்."

மீதி அறுபத்தைந்து எங்கே என்று
வாய் வரைக்கும் வந்தது.
நைட் டூட்டிக்கு நேரமாகியிருந்தது.
அதற்குள் அவள் அந்தக் கேள்வியைச்
சொல்ல ஆரம்பித்துவிட்டாள்,
கார்பன், பிணைப்பு, இரட்டைப் பிணைப்பு.
ஒரு எழுத்தும் புரியவில்லை.
உட்கார்ந்திருந்தேன்.